எழுதி வைக்காத நாட்கள்



ஒக்ரோபர் மாதத்தின் கடைசிக் கிழமையில் இரண்டு வடக்குகள் வெறுமையாகின. ஒன்று நாம் பிறந்த வடக்கு. மற்றது நாம் வந்து சேர்ந்த நாட்டின் வடக்கு. இரண்டுக்கும் இடையில் 51 ஆண்டுகள்.

நோர்வேயின் கதையை முதலில் சொல்கிறேன். எம் பிள்ளைகள் அதைப் பாடசாலையில் படித்திருப்பார்கள், பெற்றோரில் பலருக்கு அது தெரியாது. 1944ஆம் ஆண்டு ஒக்ரோபர் 25ஆம் திகதி சோவியத் செஞ்சேனை ஷிர்க்கெனெஸ் நகருக்குள் புகுந்தது. மூன்று நாள் கழித்து, 28ஆம் திகதி, ஹிட்லரின் கட்டளை வந்தது. பின்வாங்கும் ஜேர்மன் படையைத் துரத்தி வருகிறவனுக்கு ஒரு கூரைகூட மிஞ்சக்கூடாது, ஆகவே பின்மார்க்கையும் வட ட்றொம்ஸ் பகுதியையும் சனமில்லாமல் ஆக்கி எரித்துவிட வேண்டும் என்பதே அந்தக் கட்டளை. குளிர்காலம் தொடங்கும் நேரம். சுமார் 50,000 பேர் பலவந்தமாகத் தெற்கே அனுப்பப்பட்டார்கள். 20,000க்கும் அதிகமானோர் பின்தங்கினார்கள். அவர்களில் பலர் குகைகளிலும், புல்மண் கட்டிகளால் மூடிய குடில்களிலும், கவிழ்த்த வள்ளங்களுக்கு அடியிலும் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஏறத்தாழ 11,000 வீடுகள், 4,700 மாட்டுக் கொட்டில்கள், 106 பாடசாலைகள், 27 தேவாலயங்கள் அழிந்தன. ஹம்மர்பெஸ்ற் நகரில் மிஞ்சிய கட்டடம் இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்றுதான். வெளியேறுவதற்குச் சில இடங்களில் ஒரு சில மணித்தியாலங்களே கிடைத்தன. கொண்டு போக முடியாததைச் சனம் நிலத்தில் புதைத்தது. தையல் மெசின், பீங்கான் கோப்பைகள், சட்டிபானை.

எங்கள் கதையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30, திங்கட்கிழமை. ‘சூரியக்கதிர்’ இராணுவ நடவடிக்கை தொடங்கி இரண்டு கிழமை. தீபாவளி முடிந்து ஒரு கிழமை. மாலையில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் வந்து எல்லோரையும் வெளியேறச் சொன்னதும், கொட்டும் மழையில் இலட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்ததும், சாவகச்சேரி ஒரே இரவில் நிரம்பி வழிந்ததும் இந்த மடலிலும் வானலையிலும் பலரும் சொல்லிவிட்டார்கள். நானும் அந்தச் சனத்துக்குள் சைக்கிள் உருட்டியவன்தான். அன்றைய இரவைப் பற்றி நான் இங்கே எழுத வரவில்லை. அதற்கு முந்திய நாளைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

வானொலிக்காக மூத்தவர்களின் அனுபவங்களைப் பல ஆண்டுகளாக ஒலிப்பதிவு செய்து வருகிறேன். 30ஆம் திகதி இரவைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொருவரும் மணித்தியாலக் கணக்கில் சொல்வார்கள். எந்தச் சந்தியில் பிள்ளையின் செருப்புத் தொலைந்தது, யார் ஒரு மிடறு தண்ணீர் தந்தார், பாலத்தைக் கடக்கும்போது விடிந்துவிட்டதா என்பது வரை நினைவிருக்கும். ஒலிப்பதிவு முடியும் தறுவாயில் நான் இன்னொரு கேள்வி கேட்பதுண்டு: “29ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் வீட்டில் என்ன சமையல்?” இதுவரை ஒருவர்கூடப் பதில் சொன்னதில்லை. சிரிப்பார்கள், யோசிப்பார்கள், பிறகு பேசாமல் இருப்பார்கள். ஒரு அம்மா மட்டும் கொஞ்ச நேரம் கழித்து, “உலையில அரிசி போட்டிருப்பன் தானே தம்பி” என்றார். போட்டிருப்பேன் என்றுதான் சொன்னார், போட்டேன் என்று சொல்லவில்லை. சொந்த வீட்டில் சமைத்த கடைசி முழுச் சாப்பாடு அது. அவருக்கு அது இப்போது ஒரு ஊகம் மட்டுமே.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சொல்வோம். இந்தப் பழமொழி பாதி சரி என்றே எனக்குப் படுகிறது. வெயிலில் நிழல் வேண்டும் என்பது தெரியும். அந்த மரம் எப்படி இருந்தது என்பது தெரியாமல் போய்விடுகிறது. புலம்பெயர்ந்த எங்கள் கதைகளைக் கேட்டுப் பாருங்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு மாமரம், ஒரு கிணறு, ஒரு மல்லிகைப் பந்தல். எல்லா வளவும் பெரியது, எல்லாத் தண்ணீரும் இனிப்பு. உண்மையில் சில கிணறுகள் சவர். சில வீடுகளில் மாமரம் இருந்ததில்லை, பக்கத்து வீட்டுக் கிளை வேலிக்கு மேலால் வந்ததுதான். ஒவ்வொரு வீட்டையும் தனித்தனி வீடாக வைத்திருந்த அந்தச் சின்ன வித்தியாசங்கள் நினைவின் ஏக்கத்தில் கரைந்துபோயின. மறந்து போனதைவிட இது மோசம் என்பது என் எண்ணம். மறந்தவனுக்குத் தான் மறந்தது தெரியும். எங்களுக்கோ எல்லாம் நினைவிருப்பதாக ஒரு நம்பிக்கை.

பின்மார்க் சனத்துக்கும் இதுவேதான் நடந்திருக்கும். ஆனால் அங்கே ஒரு காரியம் குறுக்கிட்டது. ஒரு கணக்காளன் என்ற முறையில் அதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போர்ச்சேதக் காப்புறுதி என்று ஒரு அரச ஏற்பாடு நோர்வேயில் இருந்தது. கட்டடங்களுக்கு ஒன்று, வீட்டுப் பொருட்களுக்கு ஒன்று. இழப்பீடு வேண்டுமென்றால் இழந்ததைச் சொல்ல வேண்டும். வீடு எத்தனை அறை, என்ன மரம், எப்போது கட்டியது, வீட்டுக்குள் என்னென்ன இருந்தன என்று மதிப்பீடு செய்யவேண்டி வந்தது. 1945 கோடையில் அரசு பொறுத்திருக்கச் சொல்லியும் கேளாமல் ஊருக்குத் திரும்பி, குடில்களிலும் தகரக் கொட்டகைகளிலும் இருந்த மீனவக் குடும்பங்கள் தங்கள் முந்திய வாழ்க்கையை இப்படித் தாளில் எழுதிக் கொடுத்தன. யாரும் அழகு கருதி எழுதவில்லை, காசுக்காக எழுதினார்கள். ஆனாலும் அந்தக் கோப்புகள் இன்று சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. எரிந்துபோன கரையோரக் கிராமங்கள் எப்படி இருந்தன என்று தேடுகிறவர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள். போரைப் பற்றிய நூல்கள் தளபதி ரெண்டுலிச்சின் பெயரைச் சொல்லும். வீட்டுக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்ல இப்படியான தாள்கள்தான் இருக்கின்றன.

தென்மராட்சியில் எங்களுக்குக் கிடைத்தது நிவாரண அட்டை. குடும்பத்தில் எத்தனை தலை என்பது அதில் இருந்தது. எத்தனை கோப்பை என்பதை யாரும் கேட்கவில்லை. 1996 ஏப்ரல், மே மாதங்களில் ஊர் திரும்பியவர்களும், 2002 பெப்ரவரி யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 பாதை திறந்ததும் ஒஸ்லோவிலிருந்து விழுந்தடித்துப் போனவர்களும் பார்த்தது கதவு நிலை இல்லாத சுவர்களை. என்ன இல்லை என்று சொல்லத் தொடங்கியபோது பெரியவைதான் வாயில் வந்தன. அலுமாரி, கட்டில், தையல் மெசின். சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல். அதன் பிறகு எத்தனையோ வீடுகளில் சீதனத்தோடு வந்தது அந்தக் கறுப்பு மெசின். பின்மார்க்கில் மண்ணுக்குள் போனதும் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கரியரில் ஏறியதும் அநேகமாக ஒரே சாதிப் பொருள் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கும்.

பெரியவை வாயில் வரும், சின்னவை வராது. இதை என் தொழிலிலும் கண்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் எம்மவர் குடும்பம் ஒன்றின் நிலக்கீழ் அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. காப்புறுதிப் படிவம் நிரப்ப என்னைக் கூப்பிட்டார்கள். கணவர் மூன்று நிமிடத்தில் தொலைக்காட்சி, சோபா, பனிச்சறுக்குக் கட்டைகள் என்று சொல்லி முடித்துவிட்டார். மனைவி அடுப்படியில் நின்றபடி, “நீத்துப்பெட்டி, சுளகு, திருவலை, அம்மா தந்துவிட்ட இடியப்ப உரல்” என்றார். அதற்கெல்லாம் என்ன விலை போடுவது என்று கணவர் கேட்டார். நான் எழுதினேன். விலைப் பத்தியில் சும்மா ஒரு தொகை போட்டோம். அந்தத் தாளைப் பிரதி எடுத்து வைத்திருக்கும்படி அவர்களிடம் சொன்னேன். ஒரு நோர்வேத் தமிழ் வீட்டில் என்ன இருந்தது என்று 2080இல் ஒருவர் தேடினால் அவருக்கு அது உதவும்.

எங்கள் வரலாற்றை நாங்கள் எழுதவில்லையா என்றால், எழுதியிருக்கிறோம். ஆனால் இழவு வீட்டுக் கணக்காகவே எழுதியிருக்கிறோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின என்பது ஒஸ்லோவில் பிறந்த பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தெரியத்தான் வேண்டும். ஆனால் 1959இல் அந்தக் கட்டடம் திறந்த நாளிலிருந்து 22 வருடங்கள் அங்கே போய்வந்தவர்கள் என்ன செய்தார்கள்? பத்திரிகை மேசையில் யார் முதலில் வந்து இருப்பார், புத்தகம் இரவல் எடுப்பது எப்படி, மத்தியான வெயிலில் எந்த யன்னலோரம் குளிர்ச்சி, சைக்கிளை எங்கே விடுவது? இவற்றை அறிந்தவர்களில் பலர் இப்போது இல்லை. எரிந்த இரவு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. எரியாத எண்ணாயிரம் நாட்கள்தான் இல்லை.

இதில் பஞ்ச காலத்துக்கு ஒரு விசித்திரமான இடம் உண்டு. 1990இல் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் அரிதானபோதுதான் நாங்கள் அவற்றைக் கண்ணால் பார்க்கவே தொடங்கினோம். ஜாம் போத்தலுக்குள் மெல்லிய திரி போட்டு எரித்த விளக்கின் வெளிச்சம் எவ்வளவு தூரம் விழும், அதற்குள் எத்தனை பிள்ளைகள் கொப்பியோடு இருக்கலாம் என்பது எனக்கு இப்போதும் தெரியும். இரவு பிபிசி தமிழோசை கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை வானொலிக்குக் கொடுத்து, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்றுவார். சுற்றுபவருக்குக் கை உளைந்தால் செய்தி மெலியும், எல்லோரும் கத்துவார்கள், அடுத்தவர் ஓடிவந்து பிடிப்பார். செய்தி நல்லதாக இருந்ததில்லை. ஆனால் அந்த முற்றம் நன்றாக இருந்தது. அயலில் இருந்த அத்தனை பேரும் ஒரு சைக்கிளைச் சுற்றி நின்ற அந்தப் பதினைந்து நிமிடத்தைப் போல ஒரு கூட்டத்தை இன்றைக்கு எந்த மண்டபத்தில் கூட்டுவது? அப்போது அதை யாரும் அழகு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

இனி நோர்வேக்கு வருவோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எம்மவர் பலர் வேலைக்குப் போனது பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளுக்குத்தான் என்பது உங்களில் பலருக்குச் சொந்த அனுபவம். இதில் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு. 1988இல் மீன் வெட்டும் வரிசையில் ஒரு தமிழ் இளைஞன் நிற்கிறான். பக்கத்தில் 55 வயது நோர்வேஜியப் பெண். 1944இல் அவளுக்கு 11 வயது. அவளுடைய வீடும் பாடசாலையும் எரிந்தவை. அந்த இளைஞனும் எரிந்த ஊரிலிருந்து வந்தவன். இருவரும் எட்டு மணித்தியாலம் பக்கத்தில் பக்கத்தில் நின்று கொட் மீனின் முள்ளை எடுத்தார்கள். இந்தக் கதையைப் பரிமாற அவர்களுக்கு ஒரு பாஷை இருக்கவில்லை. அங்கே வேலை செய்த பலரைக் கேட்டிருக்கிறேன். ஹம்மர்பெஸ்ற்றில் உள்ள மீள்கட்டுமான அருங்காட்சியகத்துக்குப் போனவர் மிகச் சிலர். அங்கே வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பது ஏன் என்று தெரியாமலே பத்து வருடம் அந்த வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் உண்டு. எரிந்ததன் மேல் திட்டம் போட்டுக் கட்டிய வீடுகள் அவை.

பின்மார்க்கில் தமிழர் வாழ்ந்த அன்றாட வாழ்வைக் கூர்ந்து பார்த்து ஒரு நூல் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் ஆன் சிக்பிரிட் குறொன்செத் என்ற நோர்வேஜிய மானிடவியலாளர், நூல் 2010இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. உடம்பு நோவென்று வைத்தியரிடம் போன எம்மவரின் தனிமையை அது பேசுகிறது. ஊரின் பெயர் அதில் மாற்றப்பட்டிருக்கிறது, ஆய்வு முறைக்கு அது தேவை. அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவர் எங்கள் நோவைத் தேடி வந்தவர். துருவ இரவில் ஆறு பேர் ஒரு அறையில் இருந்து, அன்று வெட்டிய மீனையே தூள் போட்டுக் கறியாக்கி, ஒரு தாச்சியைச் சுற்றி இருந்து சாப்பிட்டுவிட்டு, 304 விளையாடி விடிய விடியச் சண்டை பிடித்ததை யார் எழுதுவது? அந்த மனிதர்கள் இப்போது தாத்தாமார். அவர்களில் இருவரை இந்த வருடம் வழியனுப்பினோம்.

ஒஸ்லோவிலும் அப்படித்தான். விடியப்புறம் நாலு மணிக்குப் பத்திரிகைக் கட்டுகளோடு மாடி ஏறி இறங்கிய தலைமுறை ஒன்று இருந்தது. இப்போது செய்தி கைத்தொலைபேசியில் வருகிறது, மாடி ஏறும் கால்கள் குறைந்துவிட்டன. கசெற்றில் குரல் பதிந்து ஊருக்கு அனுப்பினோம். ஒரு பக்கத்தில் அப்பா பேச, மறு பக்கத்தில் பிள்ளை பாட்டுப் பாடும். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகள் உள்ளே எழுத்துக் கூட்ட, தாய்மார் தாழ்வாரத்தில் போத்தல் தேநீரோடு ஊர்க்கதை பேசியதும், தகப்பன்மார் கார் நிறுத்துமிடத்தில் நின்று சமாதானப் பேச்சுவார்த்தையைத் தாங்களே நடத்தி முடித்ததும் எந்த ஆண்டறிக்கையிலும் இல்லை. ஆண்டறிக்கையில் பரிசளிப்பு விழா இருக்கிறது. கிறொன்லாண்ட் கடைக்குப் போய் முருங்கைக்காய் வந்திருக்கிறதா என்று கேட்பது ஒரு கிழமைச் சடங்காக இருந்த காலம் எங்கே போனது என்று தெரியவில்லை. 2017இல் தேசிய வானொலிகள் பண்பலையை விட்டபோது, கடைசியாக அணைந்த இடங்களில் ஒன்று இதே பின்மார்க். அப்போது நாங்கள் தொழில்நுட்பத்தைப் பற்றியே பேசினோம். பழைய வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகித் தமிழ்க் குரலைத் தேடிய விரல்களைப் பற்றி நான்கூடப் பேசவில்லை.

நல்ல முயற்சிகளும் நடக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மட்டுமல்ல, வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது. கலியாண அழைப்பிதழும் கல்வெட்டும் அதற்குள் போகின்றன. அந்திரட்டிக்கு அச்சிடும் கல்வெட்டை நாங்கள் ஒரு பக்கம் படித்துவிட்டு வைத்துவிடுவோம், ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறை அதற்குள் இருக்கும். ஆனால் சேர்ப்பவர்களிடம் போய்ச் சேர முன்னரே பெரும்பாலானவை குப்பைக்குப் போய்விடுகின்றன. இதற்குச் சட்டமும் ஒரு வகையில் துணை. இந்த நாட்டில் கணக்குப் புத்தகங்களை முன்பு பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். பிறகு அதை ஐந்தாகக் குறைத்துவிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அலுமாரியில் இடம் மிச்சம் என்று அப்போது சந்தோஷப்பட்டேன்.

போன வருடம் கடையை மூடிய ஒரு அண்ணை என்னைக் கூப்பிட்டார். கிழக்கு ஒஸ்லோவில் முப்பது வருடம் நடந்த பலசரக்குக் கடை. “தம்பி, உந்தப் பழைய பெட்டியளை எறியலாமோ? சட்டப்படி பிரச்சினை இல்லைத் தானே?” என்று கேட்டார். சட்டப்படி ஒரு பிரச்சினையும் இல்லை. எறியாதையுங்கோ அண்ணை, நான் வந்து பார்க்கிறேன் என்றேன். பதினொரு பெட்டி. பற்றுச்சீட்டு, வரிக் கடிதம், கடன் கொப்பி. கடன் கொப்பியில் யார் எத்தனை குறோணர் தரவேண்டும் என்று இருந்த பக்கங்களை அவர் முதலே கிழித்துவிட்டார், அது அவருடைய பெருந்தன்மை. அடியில் நீல மட்டை போட்ட ஒரு நீளக் கொப்பி கிடந்தது. படக் கொப்பி என்றார். கடையின் ஒரு மூலையில் வீடியோ கசெற் வாடகைக்குக் கொடுத்த காலத்துக் கணக்கு. திகதி, படத்தின் பெயர், எடுத்தவரின் முதலெழுத்து, திருப்பிக் கொடுத்தால் ஒரு கோடு.

1995ஆம் ஆண்டைத் தேடி எடுத்தேன். தீபாவளிக் கிழமையில் பக்கம் நிறைய வரிகள், சனிக்கிழமை மட்டும் பத்தொன்பது கசெற். 29ஆம் திகதி நாலு. 30ஆம் திகதி ஒன்றுமில்லை. அதன் பிறகு பதினைந்து நாட்களுக்குத் திகதிகூட எழுதப்படவில்லை. கடை பூட்டியா இருந்தது என்று கேட்டேன். “பூட்டேல்லை. ஒவ்வொரு நாளும் திறந்தனாங்கள். சனம் வந்தது. சாமான் வாங்கிச்சுது. படம் ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார். அவருக்கே அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொப்பியை வாங்கி அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வரி நவம்பர் 15. புதன்கிழமை. படம் ‘முத்து’. எடுத்தவரின் முதலெழுத்து தெளிவில்லை. 20 குறோணர். மறுநாளே திருப்பிக் கொடுத்திருக்கிறார், கோடு போட்டிருக்கிறது.